பூஞ்சை தின்ற உலகம்: ஏற்காட்டிலிருந்து ஒரு மதிப்புரை

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கதையை நான் தலைகீழான வரிசையில் அறிந்தவன். முதலில் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தேன், அதன்பின் வீடியோ விளையாட்டை ஆடினேன், கடைசியாகத்தான் படக்கதையைப் படித்தேன். உண்மையில் படக்கதையும் விளையாட்டும் 2013ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டன. தொடர் அமெரிக்காவில் 2023 ஜனவரி 15 அன்று, நம் ஊரில் பொங்கல் பானை பொங்கிய அதே நாளில், தொடங்கியது. விளையாட்டை எழுதிய நீல் டிரக்மனே படக்கதையிலும் பங்கெடுத்து, தொடரையும் கிரெய்க் மேசினோடு சேர்ந்து உருவாக்கியிருப்பதால், ஒருவர் பெற்ற பிள்ளையை இன்னொருவர் வளர்த்துக் கெடுத்த கதையாக இது ஆகவில்லை.

எறும்பின் உடலுக்குள் புகுந்து, அதைச் செடியின் மேல் ஏறவைத்து, இலை நரம்பைக் கடித்தபடியே சாகச் செய்து, பின்னர் அதன் தலையைப் பிளந்துகொண்டு முளைக்கும் கார்டிசெப்ஸ் வகைப் பூஞ்சை உண்மையிலேயே இருக்கிறது. அது மனிதரைத் தொற்றினால் என்ன ஆகும் என்பதே கதையின் வித்து. உலகம் அழிந்து இருபது ஆண்டுகள் கழித்து, மகளை இழந்த ஜோயல் என்னும் கடத்தல்காரர், கடிபட்டும் நோய் தொற்றாத எல்லி என்ற பதினான்கு வயதுப் பெண்ணை அமெரிக்காவின் ஒரு முனையிலிருந்து மேற்கு நோக்கி அழைத்துச் செல்கிறார்.

தொடரின் முதற்பருவத்தை ஏற்காட்டில் மாமா வீட்டில் பார்த்தேன். மாமாவுக்குச் சில்வர் ஓக் நிழலில் மூன்று ஏக்கர் காப்பி இருக்கிறது. முதல் அத்தியாயம் 1968இல் நடக்கும் ஒரு தொலைக்காட்சி உரையாடலோடு தொடங்குகிறது. மனித உடலின் வெப்பத்தைப் பெரும்பாலான பூஞ்சைகளால் தாங்க முடியாது என்றும், பூமி சற்றே சூடானால் அவை அந்த வெப்பத்துக்குப் பழகிக்கொள்ளக் கூடும் என்றும் ஓர் அறிஞர் பதற்றமின்றிச் சொல்ல, அரங்கம் சிரிப்பதை நிறுத்துகிறது. விளையாட்டில் இந்தக் காட்சி கிடையாது. மூன்று வடிவங்களிலும் சேர்த்து அச்சத்தை இவ்வளவு சிக்கனமாக ஊட்டும் இடம் வேறில்லை என்பேன். மாமா அதைக் கவனமாகப் பார்த்தார். மூன்றாம் அத்தியாயம் வரை பொறுத்திருந்துவிட்டு, "பூஞ்சைன்னா தூள் பறக்கணுமே மாப்பிள்ளை, இதுல தூளையே காணோமே?" என்று கேட்டார்.

காப்பி விவசாயி கேட்கும் கேள்விதான். இலைத்துரு நோய் கண்ட காப்பி இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுவதும் ஆரஞ்சு நிறத் தூள் படிந்திருக்கும், தடவினால் விரலில் ஒட்டும். காற்றும் மழையும் அதைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுசெல்லும். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட அந்த நோய், அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்து, அந்நாட்டைத் தேயிலை நாடாக மாற்றியது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அடித்துவரும் மாமாவுக்கு, வித்துத்தூள் இல்லாத பூஞ்சை என்பது கொடுக்கு இல்லாத தேள்தான்.

விளையாட்டில் அந்தத் தூள் இருக்கிறது. மூடிக் கிடக்கும் கட்டடங்களில் அது மிதக்கும்போதெல்லாம் ஜோயல் முகமூடி அணிந்துகொள்கிறார். தொடரின் முதற்பருவம் தூளை நீக்கிவிட்டு, மண்ணுக்கடியில் பின்னிக் கிடக்கும் இழைகளை வைத்தது. ஓரிடத்தில் இழையை மிதித்தால் தொலைவில் கிடக்கும் நோயாளிகள் விழித்தெழுவார்கள். நடிகர்களின் முகம் மறையக் கூடாது என்ற கட்டாயம் புரிகிறது. தூள் காற்றில் பறந்தால் எவருமே தப்ப முடியாதே என்ற தர்க்கமும் சரியே. எனினும் 2025இல் வந்த இரண்டாம் பருவத்தில் தூள் திரும்பி வந்தபோது, மாமாவின் முகத்தில் வழக்கில் வென்றவரின் நிறைவு தெரிந்தது. நோய் முதலில் மாவு வழியாகப் பரவியது என்று தொடர் உணர்த்துவதைப் பார்த்துவிட்டு, அன்றிரவு பரோட்டா வாங்கவிருந்த என் அத்தை மகன் இட்லிக்கு மாறியதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

விளையாட்டுக்கு வருகிறேன். சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் பழைய பொருள் விற்கும் கடையில் பிளேஸ்டேஷன் 4 என்னும் விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கினேன். 2014இல் அந்தக் கருவிக்கெனச் செம்மைப்படுத்தி வெளியிட்ட பதிப்பில் 'லெஃப்ட் பிஹைண்ட்' என்னும் துணைக்கதையும் சேர்ந்தே வருகிறது. எல்லியும் அவள் தோழி ரைலியும் பாழடைந்த வணிக வளாகம் ஒன்றில் ஓர் இரவைக் கழிக்கும் கதை அது. அங்கே ஒரு பழைய விளையாட்டு இயந்திரம் நிற்கிறது. தொடரின் ஏழாம் அத்தியாயத்தில் அந்த இடத்துக்கு மின்சாரம் வருகிறது, இயந்திரம் ஒளிர்கிறது, சிறுமிகள் மகிழ்ந்து ஆடுகிறார்கள், நாம் அவர்கள் ஆடுவதைப் பார்க்கிறோம். மூல விளையாட்டில் அந்த இயந்திரம் செத்துப்போனது. எல்லி கண்ணை மூடிக்கொள்ள, ரைலி சண்டையை வாயால் சொல்லச் சொல்ல, நாம் பொத்தான்களை அழுத்தி, இல்லாத எதிரியை அடிக்கிறோம். உலகம் அழிந்த பின் பிறந்த ஒரு குழந்தைக்கு விளையாட்டு என்பதே கேள்விப்பட்ட ஒன்றுதான் என்பதை என் விரல்கள் எனக்கு உணர்த்தின. எவ்வளவு செலவழித்தாலும் தொடரால் இதைச் செய்ய முடியாது. ஒளிரும் இயந்திரம் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தொடர் வெல்லும் இடம், விளையாட்டை விட்டு விலகும் இடம். பில், ஃபிராங்க் என்ற இருவரில் ஃபிராங்கை விளையாட்டில் நாம் பிணமாகவே காண்கிறோம். பில்லை வெறுத்து அவர் எழுதிய ஒரு கடிதம் மட்டும் கிடைக்கிறது. தொடரின் மூன்றாம் அத்தியாயமோ அவ்விருவரையும் பல ஆண்டுகள் சேர்ந்து வாழவிட்டு, முதுமை வரை கொண்டுசெல்கிறது. கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் பிடித்திருப்பவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருக்க ஒப்பமாட்டார் என்பதால், இந்தக் கதையை விளையாட்டால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. மூலத்துக்கு மாறானது என்று குறைகூறுவோரோடு நான் உடன்படவில்லை.

மருத்துவமனையில் நடக்கும் இறுதிப் பகுதியை ஆடாதவர்களுக்காக விவரிக்காமல் விடுகிறேன். தொடரில் ஜோயல் ஒரு செயலைச் செய்வதைப் பார்த்து அவரைத் தீர்ப்பிட்டேன். விளையாட்டில் அந்தச் செயலைச் செய்யும் பொத்தானை நானே அழுத்தவேண்டியிருந்தது. அழுத்தாமல் சிறிது நேரம் நின்றும் பார்த்தேன், கதை நகரவில்லை.

'அமெரிக்கன் டிரீம்ஸ்' என்ற நான்கு இதழ்ப் படக்கதையில் ஃபெய்த் எரின் ஹிக்ஸின் கோடுகள் உயிரோட்டமானவை. எல்லியும் ரைலியும் முதன்முதலில் சந்திப்பதைச் சொல்லும் கதை மெலிதானது. விளையாட்டை முடித்தவருக்கு இனிக்கும், மற்றவருக்கு அவசியமில்லை. இசையைப் பற்றி ஒரே சொல்: விளையாட்டுக்கும் தொடருக்கும் அர்ஜென்டினாவின் குஸ்தாவோ சாந்தவோலாயாவே இசையமைத்திருப்பதால், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது கண்ணை மூடிக் கேட்டாலே தெரிகிறது.

2020இல் வந்த இரண்டாம் விளையாட்டு, நாம் வெறுக்கும் ஒருத்தியின் உடலுக்குள் பாதிவழியில் நம்மை நுழைத்து, அவள் வலியைக் காலந்தாழ்த்திக் காட்டுகிறது. தொடரின் இரண்டாம் பருவமோ அவளுடைய காரணத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, ஏழே அத்தியாயங்களில், கதை திரும்பும் இடத்தில் நின்றுவிடுகிறது. அடுத்த பருவம் வரும்வரை அது பாதி வெட்டிய மரம். முதலில் விளையாட்டை ஆடுங்கள், அதன்பின் முதற்பருவத்தைப் பாருங்கள். இரண்டாம் பருவத்துக்கு அவசரமில்லை.

சென்ற மாதம் கருவியை ஏற்காட்டுக்கு எடுத்துச் சென்றேன். சால்ட் லேக் நகரத்து இடிபாடுகளுக்கிடையே ஒட்டகச்சிவிங்கிகள் மேயும் காட்சியில் கட்டுப்பாட்டுக் கருவியை மாமாவின் கையில் கொடுத்தேன். தொடரில் அந்தக் காட்சி சற்று நேரத்தில் கடந்துவிடும். விளையாட்டில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம், பொத்தானை அழுத்தினால்தான் எல்லி அவ்விடத்தை விட்டு நகர்வாள். தோட்டத்துக்குள் காட்டெருமை வந்தால் திண்ணையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் போலவே மாமா உட்கார்ந்திருந்தார். அத்தை காப்பி கொண்டுவந்து வைத்து, அது ஆறிப்போகும் வரை அவர் பொத்தானை அழுத்தவில்லை.