சனலில் எத்தனை நிற்கிறது: எண்ணிப் பார்ப்பதா, எடுத்துப் பார்ப்பதா?

திருகோணமலையில் ஒரு மீன் வாடிக்கு பில் அனுப்பும் நிரலை கோ மொழியில் எழுதும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, சனலுக்குள்ள எத்தனை பில் காத்து நிக்குதெண்டு எப்பிடிப் பாக்கிறது?"

சனல் (channel) என்பது நிரலின் ஒரு பகுதி அனுப்புவதை இன்னொரு பகுதி எடுக்கும் குழாய். எடுக்கும்வரை அதற்குள் காத்து நிற்கும் இடம்தான் பஃபர். கைக்கு முதலில் வருவது லென் (len). பஃபரில் இருக்கும் எண்ணிக்கையை உடனே சொல்லும். மொத்தக் கொள்ளளவை கேப் (cap) சொல்லும். 100 இடத்தில் 90 நிரம்பிக் கிடந்தால், எடுக்கும் பக்கம் பின்தங்குகிறது என்று தெரிந்துவிடும். கண்காணிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

ஆனால் அந்த எண்ணை நம்பி முடிவெடுக்கக்கூடாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் பாதையில் (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில்) போய்வந்தவர்களுக்கு இது புரியும். தூரத்தில் இருந்து பார்க்கும்போது இடம் இருக்கும். துறைக்கு இறங்குவதற்குள் வேறு யாரோ ஏறியிருப்பார்கள். அதேபோல, லென் 1 என்று பார்த்துவிட்டு எடுக்கப் போனால், இடையில் இன்னொரு கோரூட்டின் (கூடவே ஓடும் நிரல் பகுதி) அதைத் தூக்கியிருக்கும். உங்கள் கோரூட்டின் அடுத்த பில் வரும்வரை அங்கேயே நிற்கும். எடுப்பவர் ஒரே ஒருவர்தான் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டாவது ஆளைச் சேர்க்கும் நாளில் வந்துவிடும்.

இன்னொன்று: பஃபர் இல்லாத சனலில் லென் எப்போதும் 0. அனுப்ப முடியாமல் காத்து நிற்கும் கோரூட்டின்களை அது எண்ணாது.

இருந்தால் எடு, இல்லாவிட்டால் வேறு வேலை பார் என்பதற்கு சனலில் எடுக்க முடியுமா என்று பார்க்கும் செலெக்ட்டும் (select), முடியாவிட்டால் ஓடும் டீஃபோல்ட்டும்தான் (default) என் தேர்வு. பார்ப்பதும் எடுப்பதும் ஒரே செயலாகிவிடுவதால் இடையில் யாரும் புக முடியாது. ஆனால் மூடிய சனலில் இருந்தது தீர்ந்தபின் வெற்று மதிப்பு வந்துகொண்டே இருக்கும். அதனால் எடுக்கும்போது கிடைக்கும் இரண்டாவது விடையான, வந்தது உண்மையான மதிப்பா என்று சொல்லும் ஓகேயையும் (ok) கட்டாயம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சொந்த அட்டோமிக் கணக்கு (பல கோரூட்டின்கள் ஒன்றாகத் தொட்டாலும் பிழைக்காத எண்ணி). அனுப்புமுன் ஒன்று கூட்டி, வேலை முடிந்தபின் ஒன்று குறைப்பது. கையில் எடுத்து இன்னும் முடிக்காத பில்லும் இதில் சேரும், அது லென்னால் முடியாது. ஓரிடத்தில் குறைக்க மறந்தால் கணக்கு அதன்பின் சரிவராது.

வேறு மொழிகளிலும் இதே கதைதான். பைத்தானின் கியூவில் (சனல் போன்ற வரிசை) க்யூசைஸ் (qsize) தருவதும் தோராயமான எண்தான் என்று அதன் ஆவணமே சொல்கிறது. ரஸ்ட் மொழியோடு வரும் அடிப்படை எம்பிஎஸ்சி (mpsc) சனலில் லென் என்று ஒன்றே இல்லை. கிராஸ்பீம் என்ற வெளி நூலகத்தின் சனலில் உண்டு.

தம்பிக்குச் சொன்னது: லொக்கில் (log, நிரலின் பதிவுக் கோப்பு) எழுத லென், பில்லை எடுக்க செலெக்ட். வாடி பூட்டும் நேரத்தில் எல்லா பில்லும் போய்விட்டதா என்று பார்க்க மட்டும் அட்டோமிக்.