புரட்டாசியில் எழுப்ப வேண்டிய புல் வெட்டும் மெஷின்

உச்சிப்புளிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் புல் வெட்டும் மெஷினுக்கு வருஷத்தில் நாலைந்து மாதம்தான் வேலை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் கோரையும் நெருஞ்சியும் மணலை மூடிவிடும். மாசி கழிந்தால் எல்லாம் காய்ந்துவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் பனிக்காலத்தில் மூட்டை கட்டி வைப்பதை நாங்கள் வெயில் காலத்தில் செய்கிறோம், அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது தோளில் மாட்டும் 35 சிசி நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் மெஷின். சில வருஷம் ஓட்டிவிட்டேன். வெட்டுவதில் குறையே இல்லை. சீமைக்கருவேல் கன்றைக்கூட பிளேடு போட்டால் சாய்த்துவிடும். அடம்பங்கொடி மட்டும் தண்டில் சுற்றிக்கொண்டு படுத்தும். தொல்லையெல்லாம் புரட்டாசிக் கடைசியில், முதல் தடவை கயிறு இழுக்கும்போதுதான்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலே எல்லோரும் ஸ்பார்க் பிளக்கை மாற்றச் சொல்வார்கள். எடுத்த எடுப்பில் மாற்றத் தேவையில்லை. சோக் போட்டு நாலு இழுப்பு இழுத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கோளாறு பெரும்பாலும் ஸ்பார்க்கில். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. எனக்கு அநேகமாகக் காய்ந்துதான் இருக்கும்.

காரணம் டேங்கில் விட்டுவைத்த பழைய பெட்ரோல். இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்தால் இரண்டு அடுக்காகத் தெரியும். மீதிப் பெட்ரோல் மாதக்கணக்கில் ஆவியாகி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் நுண்துளைகளில் வேலம்பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதில் கம்பியை விடக் கூடாது, துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனர் அடித்து, ஊறவிட்டு, காற்றடித்தால் போதும். அதே கையோடு டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டரையும், அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் குமிழையும் பாருங்கள். குமிழில் கீறல் விழுந்திருந்தால் காற்றுதான் ஏறும்.

நனைந்த பிளக் என்றால் உப்புக்காற்றைச் சந்தேகிக்கலாம். ஃப்ளைவீல் என்னும் சுழல் சக்கரத்தின் காந்தத்திலும், எதிரே ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் முனையிலும் துரு படியும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, திரும்ப மாட்டும்போது நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி வையுங்கள். ஆஃப் ஸ்விட்ச் வயர் குழாயில் உரசித் தோல் போயிருந்தாலும் எர்த் ஆகி ஸ்பார்க் நின்றுவிடும். வயரைக் கழற்றிவிட்டு இழுத்தால் தெரிந்துவிடும். கழற்றிய வயரோடு மட்டும் வேலைக்குப் போய்விடாதீர்கள், மெஷினை நிறுத்த வழியிருக்காது.

ஒரு வருஷம் எல்லாம் சரியாக இருந்தும் மூச்சுத் திணறியது. சைலன்சர் ஓட்டைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது!

இப்போது ஓய்வுக்கு அனுப்பும் முறையையே மாற்றிவிட்டேன். பாம்பனில் வல்லத்தில் (நாட்டுப்படகு) அவுட்போர்டு மோட்டார் வைத்திருக்கும் மச்சான் சொன்னது: “மாப்ள, பெட்ரோல வடிச்சுப்புட்டு, தானா அணையிற வரைக்கும் ஓடவிடு.” அப்படியே செய்கிறேன். காய்ந்தால் டயாஃப்ரம் (கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு) விறைத்துப்போகும் என்பவர்களும் உண்டு. விறைத்தால் மாற்றிக்கொள்ளலாம், பிசின் கழுவுவதுதான் பெரும்பாடு. அப்புறம் ஆயிலை மாற்றி (100 மில்லி அளவுதான் பிடிக்கும்), பிளக் துளையில் சில சொட்டு ஆயில் விட்டு, கயிறை மெதுவாக ஒரு சுற்று இழுத்து, சைலன்சர் வாயில் துணி திணித்து வைக்கிறேன். துணி கண்ணில் படும்படி தொங்க வேண்டும். வெட்டும் நைலான் கயிறு வெயிலில் மொறுமொறுத்துவிடும். வேலைக்கு முதல் நாள் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் பழைய நெகிழ்வு வந்துவிடுகிறது.

இத்தனை பராமரிப்பு பார்ப்பதற்கு இரண்டு ஸ்ட்ரோக்கே வாங்கியிருக்கலாமே என்று கேட்பார்கள். விலை குறைவுதான், ஆனால் பெட்ரோலில் ஆயில் கலந்து கலந்து ஊற்றவும் அந்தப் புகையை நாள் முழுக்கத் தோளில் சுமக்கவும் எனக்குப் பொறுமை இல்லை. பழைய பெட்ரோல் தொல்லை அதிலும் இருக்கத்தான் செய்கிறது.

வாங்குகிறவர்கள் டயாஃப்ரம் கிட் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். மழை பிடித்த பிறகு கேட்டால், மதுரையிலிருந்து வரணும், ஒரு வாரம் ஆகும் என்பார்கள். அதற்குள் புல் முழங்காலுக்கு வந்துவிடும்.