கீல் ஒயரிலிருந்து எல்லை டவர் வரை: லேப்டாப் வைஃபையோடு நான்கு மழைக்காலம்

தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டிய குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு 14 அங்குல லேப்டாப்பைப் பற்றிய பகிர்வு இது. மாடல் பெயர் முக்கியமில்லை. அதில் வந்த வைஃபை கார்டு, குறைந்த விலை லேப்டாப்புகளில் சர்வசாதாரணமாகப் போடப்பட்ட ரகம்: 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், ஒரே ஆண்டெனா, ப்ளூடூத்துக்கும் அதே ஆண்டெனா. கீபோர்டு, திரை, பேட்டரி எதிலும் குறையில்லை. வைஃபைக்கு மட்டும் பத்துக்கு நாலு மார்க். அதுவும் கார்டு மாற்றுவதற்கு முன்பு போட்ட மார்க்.

'நெட் வரல' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வியாதி ஒளிந்திருக்கிறது. லேப்டாப்புக்கும் ரௌட்டருக்கும் நடுவில் கோளாறு, ரௌட்டருக்கும் வெளியுலகுக்கும் நடுவில் கோளாறு, இரண்டும் சரியாக இருந்தும் தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைத் தேடிக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ் படுத்துவிடுவது. இதைப் பிரிக்காமல் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது இங்கே கடைக்காரர்களின் முதல் வைத்தியம். பெரும்பாலும் வீண் செலவு.

பிரிப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கட்டளைத் திரையைத் திறந்து 'பிங்' (ping) என்று அடித்து ரௌட்டர் முகவரியைக் கொடுக்க வேண்டும். பல வீடுகளில் அது 192.168.1.1. பதில் சீராக 1 முதல் 5 மில்லிசெகண்டுக்குள் வந்தால் வீட்டுக்குள் இருக்கும் இணைப்பு சுத்தம். 3, 240, 4, 'டைம்டு அவுட்', 600 என்று தாறுமாறாக வந்தால் சிக்னல் அல்லது குறுக்கீடு. அடுத்து வெளியுலகில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு பிங். அது வந்தும் தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் பழி டிஎன்எஸ் மேல். ரௌட்டரே பதில் சொல்லாத நேரத்தில் கேபிள்காரருக்கு போன் போட்டுப் பயனில்லை. அவர் வந்து சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

மழைக்காலத்தில் கரண்ட் ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை போய் வரும். ஃபைபர் பெட்டி முழுதாக எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். முகவரி கொடுக்கும் வேலையை (டிஹெச்சிபி) அந்தப் பெட்டிக்கே விட்டுவிட்டு, அதோடு தனியாக ஒரு ரௌட்டர் வைத்திருந்தால் அது முந்திக்கொண்டு வைஃபையைத் திறந்துவிடும். லேப்டாப் அதில் ஒட்டிக்கொள்ளும்; முகவரி கொடுக்க ஆள் இல்லாததால் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும். 'கனெக்டட், நோ இன்டர்நெட்' என்று வருவது பாதி நேரம் இதனால்தான். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் தீர்ந்தது. பெட்டி, ரௌட்டர் இரண்டுக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் போட்டால் இந்தத் தொல்லையே எழாது. வாங்கும் முன் அடாப்டரின் முதுகில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 2 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 1 ஆம்பியர் யூபிஎஸ் கொடுத்தால் கரண்ட் போன நொடியே ரீஸ்டார்ட் ஆகும்.

இரண்டு பெட்டி உள்ள வீட்டில் இன்னொரு வம்பு. பல நேரம் இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியோடுதான் கடையிலிருந்து வந்திருக்கும். ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அதே கதைதான். இரண்டாவது ரௌட்டரின் உள் முகவரியை 192.168.1.2 ஆக்கி, அதில் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை வெளி இணைப்புக்கான நீல வேன் (WAN) ஓட்டையிலிருந்து உருவி, வீட்டுச் சாதனங்களுக்கான லேன் (LAN) ஓட்டை ஒன்றில் சொருக வேண்டும். வரிசை முக்கியம்: டிஹெச்சிபியை அணைப்பதற்கு முன் கேபிளை மாற்றினால் வீட்டில் எல்லா போனும் குழம்பும்.

எஸ்டேட் லயத்து வீடுகளின் கட்டுமானம் வைஃபைக்குப் பகை. கனமான கற்சுவர், மேலே தகரம். தகரம் அலையை ஊடுருவ விடாது, திருப்பியடிக்கும். ரௌட்டர் இருக்கும் அறையில் நான்கு கோடும், அடுத்த அறையில் ஒரு கோடும் வருவது அதனால்தான். இங்கே 5 கிகாஹெர்ட்ஸ் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பது தப்புக் கணக்கு. வேகம் கூடும், ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4-ஐ விட அது நோஞ்சான். ரௌட்டரை வாசல் நிலைக்கு நேராக, தலைக்கு மேல் உயரத்தில் வைப்பது பணச் செலவில்லாத முதல் வேலை. 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்து அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 3, 8 என்று இடைப்பட்ட சேனல் போட்டால் இரண்டு பக்கத்து வீட்டோடும் சண்டை. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் 36 முதல் 48 வரை பத்திரமானது. 52 முதல் 144 வரை உள்ளவற்றில் ரேடார் அலை தட்டுப்பட்டால் ரௌட்டர் சொல்லாமல் கொள்ளாமல் சேனல் மாறும்.

விண்டோஸ் பக்கம் பயன் தந்தவை இரண்டே. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டைத் திறந்து 'பவர் மேனேஜ்மெண்ட்' பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுவது. மூடித் திறந்த பிறகு வைஃபை காணாமல் போகும் பிரச்சினை அதோடு பெரும்பாலும் நின்றது. இரண்டாவது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. இது இருந்தால் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. கெட்ட நிலையில் இருக்கும் டிரைவர் அதே நிலையில் மறுநாள் எழும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால் அந்த ஒரு தடவை முழுதாக அணையும். கார்டே பட்டியலில் இல்லையென்றால் சார்ஜரை உருவிவிட்டு பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். 'ட்ரபிள்ஷூட்டர்' என்ற பொத்தான் கார்டை அணைத்துப் போடுவதற்கு மேல் உருப்படியாக எதுவும் செய்து பார்த்ததில்லை.

பழைய லேப்டாப்பில் ஒரு விசித்திரம்: வைஃபை சரி, பிங் சரி, ஆனால் எந்தத் தளமும் 'பாதுகாப்பற்றது' என்று திறக்க மறுக்கும். கடிகாரத்தைப் பாருங்கள். போர்டில் உள்ள சின்ன பேட்டரி செத்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தளங்களின் சான்றிதழ் அந்தத் தேதிக்குச் செல்லாது.

இனி யாரும் சந்தேகப்படாத இடம். வைஃபை கார்டு கீபோர்டுக்குக் கீழே இருந்தாலும் பல மாடல்களில் ஆண்டெனா திரையின் மேல் ஓரத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது நூல் மாதிரியான, 1.13 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒயர். அது கீல் வழியாகத்தான் போக வேண்டும். தினம் பத்துத் தடவை திறந்து மூடும் லேப்டாப்பில், கீல் இறுகி பிளாஸ்டிக் விரிசல் விடும் மூன்றாம் வருட வாக்கில், அந்த ஒயர் நசுங்கும். முழுதாக அறுந்தாலும் வைஃபை நின்றுபோகாது; ரௌட்டர் பக்கத்தில் மட்டும் வேலை செய்யும். அதனாலேயே எல்லாரும் ரௌட்டரைக் குறை சொல்கிறார்கள்.

சோதிக்கும் முறை: ரௌட்டரிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் லேப்டாப்பை வையுங்கள். விண்டோஸ் காட்டும் சிக்னல் சதவீதத்தைப் பாதியாக்கி நூறைக் கழித்தால் டெசிபல் கணக்கு வரும். 100 சதவீதம் என்றால் மைனஸ் 50, 60 சதவீதம் என்றால் மைனஸ் 70. ஒரு மீட்டரில் 90-க்கு மேல் காட்ட வேண்டும். 60, 65 காட்டினால் ஆண்டெனாவில் கோளாறு. இப்போது மூடியை மெதுவாகச் சாய்த்து நிமிர்த்துங்கள். எண் அதோடு ஏறி இறங்கினால் கீல் ஒயர்தான், வேறு பேச்சே இல்லை.

திறந்து பார்க்கத் துணிந்தால் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். கீழ் மூடியின் ஸ்க்ரூ இரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். கார்டின் மேல் ஒயர் உட்காரும் வட்டக் குமிழ் கடுகளவு இருக்கும். அதை நேர்மேலே தூக்க வேண்டும், பக்கவாட்டில் நெம்பினால் குமிழோடு பெயர்ந்து வரும். திருப்பி மாட்டும்போது நேர் மேலே வைத்து நகத்தால் அழுத்த, மெல்லிய 'டிக்' கேட்கும். அந்த டிக் கேட்காமல் மூடியை மூடாதீர்கள். அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றி ஒட்டுப்போடுவது மின்விசிறிக்குச் சரி, ஆண்டெனாவுக்கு ஆகாது. உள் கம்பி, வெளிச் சல்லடை இரண்டும் ஒழுங்காகச் சேராமல் சிக்னல் அங்கேயே தீர்ந்துபோகும். ஆண்டெனாவோடு சேர்த்து முழு ஒயரையும் மாற்றுங்கள்.

மூடி திறந்திருக்கும்போதே கார்டையும் மாற்றுவது புத்திசாலித்தனம். இந்த லேப்டாப்பில் போட்டது இன்டெல் ஏஎக்ஸ் 210; 22-க்கு 30 மில்லிமீட்டர், ஒரே ஸ்க்ரூ. ஏஎக்ஸ் 201, 211 என்று 1-இல் முடிபவற்றை விலை குறைவென்று வாங்கிவிடாதீர்கள். அவை அதற்கேற்ற இன்டெல் போர்டில் மட்டுமே உயிர் பெறும். ஏஎம்டி பிராசசர் உள்ள லேப்டாப்பில் வெறும் அட்டைதான். மிகப் பழைய மாடல்களில், லேப்டாப்பை எழுப்பும் பயாஸ் மென்பொருளே தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்க மறுக்கும். வாங்கும் முன் மாடல் எண்ணை வைத்து விசாரிக்க வேண்டும். ஒற்றை ஆண்டெனா லேப்டாப்பில் இரண்டாவதற்கு ஒரு ஒட்டும் ஆண்டெனா வாங்கி பிளாஸ்டிக் பகுதியில் ஒட்டவும். உலோக மூடிக்குள் ஒட்டினால் பிரயோசனமில்லை. திறக்கவே பயம் என்றால் இரட்டை அலைவரிசை யூஎஸ்பி வைஃபை குச்சி போதும். அதை வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்து ஓட்டையில் சொருகாதீர்கள். யூஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4-ஐக் கெடுக்கும் என்று இன்டெல்லே 2012-இல் அறிக்கை கொடுத்திருக்கிறது. ஒரு முழ நீட்டிப்பு ஒயரில் தள்ளி வைத்தால் வித்தியாசம் கண்ணில் தெரியும்.

கார்டும் ஒயரும் மாற்றிய பிறகு மார்க் எட்டு. மீதி இரண்டு லேப்டாப்பின் கையில் இல்லை, எல்லையின் கையில் இருக்கிறது. காலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறி மாலையில் இறங்குகிறவர்களின் போன் ஒரு நாளில் இரண்டு தடவை தமிழ்நாட்டு டெலிகாம் வட்டத்துக்கும் கேரள வட்டத்துக்கும் நடுவே தாவுகிறது. ஒரே கம்பெனி சிம் ஆனாலும் நெட்வொர்க் எண் வேறு. குமுளி பஸ் ஸ்டாண்ட் மாதிரி இரண்டு டவரும் எட்டும் இடத்தில் போன் மாறி மாறித் தொங்கும். தாவும் ஒவ்வொரு முறையும் டேட்டா அறுந்து ஒட்டும். ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் லேப்டாப்புக்கோ வைஃபை முழுக் கோடு காட்டும், பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். போனில் நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்து, வலுவாக இருக்கும் பக்கத்தைக் கையால் பிடித்து நிறுத்துங்கள். சில போன்களில் டேட்டா ரோமிங்கையும் ஆன் செய்தால்தான் அந்தப் பக்கத்து டவரில் நெட் ஓடும். ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் விட்டால் பழைய கார்டின் பட்டியலில் பெயரே வராது, 2.4-க்கு மாற்றுங்கள். கீழே இறங்கியதும் தேர்வைத் திரும்ப ஆட்டோமேட்டிக்கில் போட மறந்தால், லோயர் கேம்ப் தாண்டியதும் போனில் ஒரு கோடுகூட இருக்காது.