பழைய வேலை விபத்து கேஸில் ‘செட்டில்மென்ட்’ என்று கூப்பிட்டால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் அண்ணன் கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். 2016 ஆகஸ்டில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. அப்போது அவருக்கு 35 வயது. மொத்தமே ஆறு பேர் வேலை செய்த இடம், அதனால் இ.எஸ்.ஐ. கிடையாது. முதலாளி டபிள்யூ.சி. பாலிசி, அதாவது வேலையில் தொழிலாளிக்கு அடிபட்டால் இழப்பீடு தருகிற இன்சூரன்ஸ், எடுத்திருந்தார். “இன்சூரன்ஸ் பார்த்துக்கும் தம்பி” என்று சொல்லியே ஒன்றரை வருடத்தை ஓட்டிவிட்டார். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் சொல்லித்தான் 2018 ஜூனில் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் போனோம். அதன்பிறகு வாய்தா மேல் வாய்தா. நடுவில் கொரோனா வேறு.

2023 அக்டோபரில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன். “ஏழு வருஷம் ஆயிடுச்சுங்க, பழைய கேஸ். இன்னும் இழுத்தா ஒண்ணும் நிக்காது. வட்டியை மட்டும் விட்டுக்கொடுங்க, அசலை உடனே போட்டுவிடுறோம்.” அண்ணன் அப்போது மகளின் காலேஜ் பீஸுக்குக் கடன் தேடிக்கொண்டிருந்தார். சரி என்றுவிட்டார். நானும் கூடப் போனேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி அலுவலகத்தில் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து, மேலே இருந்த பக்கங்களை எல்லாம் மடித்து விட்டு, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி அங்கிருந்த அதிகாரி நீட்டினார். எல்லாமே இங்கிலீஷ். அண்ணன் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பேனாவை இடுக்கி, ஒவ்வொரு கையெழுத்தாகப் போட்டார். ரெவன்யூ ஸ்டாம்ப் எடுக்க அந்த அதிகாரி உள்ளே போன நேரத்தில் மேஜைமேல் கிடந்த கணக்குத் தாளை என் போனில் படம் பிடித்தேன். அந்த ஒரு படம்தான் இன்றைக்கு எங்களிடம் இருக்கிற பெரிய ஆதாரம்.

தொகை 1,13,500 ரூபாய். பத்து நாளில் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது.

பிறகுதான் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். தொழிலாளிக்கு அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்று ஏழு வருடமும் எங்களுக்குத் தெரியாது. அங்கே கிடைத்த வக்கீல் அம்மா படத்தைப் பார்த்ததும் ‘12%’ என்ற இடத்தில் விரலை வைத்தார். எங்கள் கேஸுக்கு 1923ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டம்தான் (2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்தது). அதன் முதல் அட்டவணையில் 12 என்பது நடுவிரல் ஒன்று மட்டும் போனால் போடுகிற சதவீதம். ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20. ஆள்காட்டி விரலை அவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அந்தச் சட்டப்படி எங்கள் கணக்கு இது. அண்ணனின் மாதச் சம்பளம் 11,500 என்றாலும், கணக்கில் எடுக்கிற சம்பளத்துக்கு அன்றைய உச்சவரம்பு 8,000தான். அதில் 60 சதவீதம் 4,800. அதை 35 வயதுக்கான 197.06 என்ற எண்ணால் பெருக்கி, 20 சதவீதம் எடுத்தால் 1,89,177 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. ஏழு வருடத்துக்கு அது மட்டும் சுமார் 1,58,900. ஆக, கிட்டத்தட்ட மூன்றரை லட்சம் வர வேண்டிய இடத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ என்று எழுதி வாங்கிவிட்டார்கள். கேஸ் பழசாக ஆக நம்முடைய பாத்தியதை குறைவதில்லை, வட்டியாகக் கூடிக்கொண்டே போகிறது. அவர்கள் ‘பழைய கேஸ்’ என்று பயமுறுத்தியது அதனால்தான் என்று இப்போது புரிகிறது.

“வட்டி எங்கள் பாலிசியில் வராது” என்றும் சொன்னார்கள். சில பாலிசிகளில் உண்மையிலேயே வராதாம். அப்படியானால் அதை முதலாளி கட்ட வேண்டும் என்று அர்த்தம். தொழிலாளி இழக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. இதைச் சொல்ல அன்றைக்கு அந்த அறையில் எங்களுக்கு ஆள் இல்லை.

கையெழுத்து வாங்கிய கட்டில், மனுவை வாபஸ் வாங்குவதாக ஒரு தாளும் இருந்திருக்கிறது. அடுத்த வாய்தாவில் கம்பெனி வக்கீல் அதை நீட்டியபோதுதான் எங்களுக்கே தெரியும். நல்லவேளை, ஆணையர் அண்ணனையே கூப்பிட்டு, எவ்வளவு வந்தது, படித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். வெளியே பேசி முடித்த தொகையை ஆணையர் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றாலோ, ஏமாற்றி வாங்கியது என்றாலோ அவர் மறுக்கலாம், அந்த 1923 சட்டத்தின் 28ஆம் பிரிவு அது. எங்கள் ஆட்சேபணையை ஏற்று அவர் பதிவு செய்யவில்லை. வாங்கிய பணத்தைக் கழித்துக்கொண்டு மீதிக்குக் கேஸ் நடக்கிறது.

உங்களைக் கூப்பிட்டால் கணக்குத் தாளை முதலில் கேளுங்கள். எந்த விரல், எத்தனை சதவீதம், எந்தச் சம்பளம் என்று பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க விடமாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்துப் போடுவதாக இருந்தால் ஆணையர் முன்னால் மட்டும் போடுங்கள். வேலையில் உயிர் போன கேஸாக இருந்தால் பணத்தை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரை முதலாளி தருகிற முன்பணம் தவிர, குடும்பத்தார் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீட்டுக் கணக்கில் சேராது.

அண்ணன் கையெழுத்துப் போட்ட டிஸ்சார்ஜ் வவுச்சரின், அதாவது ‘பணம் வந்துவிட்டது, இனி பாக்கி இல்லை’ என்று எழுதி வாங்கிய தாளின் நகலை நாலு முறை கேட்டும் கம்பெனி தரவில்லை. அதைத் தாக்கல் செய்யச் சொல்லித் தனி மனு போட்டிருக்கிறோம்.