புது போனுக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த ஒரு தேதியைப் பாருங்கள்

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் சலுகை விலையில் ஆண்ட்ராய்டு போன் வாங்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விலை குறைந்த போன் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. கேமரா எத்தனை மெகாபிக்சல், ராம் எவ்வளவு, பேட்டரி எத்தனை நாள் நிற்கும் என்று கேட்கிற நாம், அந்தப் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் கடைசியாக எந்த மாதம் வந்தது என்று கேட்பதே இல்லை. நாம் கேட்கமாட்டோம் என்பது சில கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். என் மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, போன் விற்ற கடை அதை மறைத்ததோடு நிற்கவில்லை. போனில் இருந்த காவலையும் தன் கையாலேயே எடுத்துவிட்டுக் கொடுத்தது.

அண்ணன் சவுதியில் இருக்கிறார். மைனி பிள்ளைகளோடு குலசேகரம் பக்கம் வீட்டில். அண்ணன் அனுப்புகிற பணம், ரப்பர் ஷீட் விற்ற பணம், பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில்தான். பழைய போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போனதும், மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் போய்ப் புதுசு வாங்கினார். சீல் உடைக்காத பெட்டி, ‘இப்ப வந்த மாடல்’ என்று சொல்லி ₹8,500 வாங்கினார்கள். பில் கேட்டதற்கு, பில் போட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம் கூடும் என்று சொல்லி, ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற ஐஎம்இஐ அடையாள எண்கூட அதில் இல்லை.

‘செட்டிங் எல்லாம் நாங்களே போட்டுத் தாறோம் அக்கா’ என்று கடைப் பையன் போனை வாங்கிக்கொண்டான். இலவசமாகப் படம் பார்க்க ஒரு ஆப், கூப்பிடுவது யார் என்று காட்ட ஒரு ஆப். இரண்டுமே பிளே ஸ்டோரில் இருந்து இறக்கியவை அல்ல. கடை போனிலிருந்து கோப்பாக அனுப்பி ஏற்றியவை. அவை தடையில்லாமல் ஏற வேண்டும் என்பதற்காக, ஆபத்தான ஆப்களைக் கண்டுபிடிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட் என்கிற சோதனையை அணைத்திருக்கிறான். குரோம், வாட்ஸ்அப், பைல் மேனேஜர் மூன்றுக்கும் ‘தெரியாத ஆப்களை நிறுவ’ அனுமதி கொடுத்திருக்கிறான். டேட்டா வீணாகும் என்று தானாக அப்டேட் ஆவதையும் நிறுத்தியிருக்கிறான். மைனியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் வந்தது அந்த மெசேஜ். அன்பியம் (கோயில் பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பக் கூட்டம்) வாட்ஸ்அப் குழுவில், நன்றாகத் தெரிந்த ஒருவரின் எண்ணிலிருந்து: உங்கள் வாகனத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டுள்ளது, ரசீதைப் பாருங்கள். கூடவே ‘ஆர்டிஓ சலான்’ என்ற பெயரில் ஒரு கோப்பு. அதன் பெயர் ஏபிகே என்று முடிந்தது, அதாவது அது ரசீது அல்ல, போனில் ஆப்பை நிறுவும் கோப்பு. வேறு ஊர்க்காரர்கள் இதை ஏன் நம்புகிறார்கள் என்று கேட்கலாம். நம்ம குமரி மாவட்டத்தில் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகாதவர்கள் இங்கே குறைவு. கேரளத்தில் 2023 ஜூன் முதல் ஏஐ கேமரா பிடித்து அபராதம் போடுகிறார்கள். டிஎன் 74, டிஎன் 75 வண்டிக்காரர்களுக்கு உண்மையாகவே சலான் வருகிறது. அந்த வாரம்தான் மைனி தன் அம்மாவை ஸ்கூட்டரில் எல்லை தாண்டிப் பாறசாலைக்குக் கூட்டிப்போயிருந்தார்.

உண்மையான சலான் எப்போதும் ஆப்பாக வராது. எஸ்எம்எஸ்ஸாக வரும், அதில் வண்டி எண்ணும் சலான் எண்ணும் இருக்கும். சந்தேகம் வந்தால் மத்திய அரசின் பரிவாஹன் ஈ-சலான் தளத்துக்கு நாமே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். எந்த அரசு அலுவலகமும் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு அனுப்பாது. பிஎம் கிசான், வங்கி கேஒய்சி, கல்யாண அழைப்பிதழ் என்ற பெயர்களிலும் இதே வேலை நடக்கிறது. பெயர்தான் மாறும், கோப்பு ஏபிகேதான்.

மைனி கோப்பைத் தொட்டு, ‘நிறுவு’ என்று கேட்டதையும் தொட்டதும் அது நிறுவப்பட்டுவிட்டது. ‘இது ஆபத்தான ஆப்’ என்று ஒரு எச்சரிக்கையும் வரவில்லை, அந்த எச்சரிக்கையைக் கொடுப்பதைத்தான் கடை அணைத்துவிட்டதே. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது. அசல் அரசுத் தளம் போலவே ஒரு பக்கம் திறந்து, விவரம் பார்க்க 1 ரூபாய் கட்டச் சொல்லிக் கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் கேட்டது. மைனி கொடுத்தார். ஒன்றும் நடக்காததால் சர்வர் கோளாறு என்று விட்டுவிட்டார். ராத்திரியில் கணக்கிலிருந்து துண்டு துண்டாக ₹38,000 போயிருக்கிறது. ஒரு ஓடிபியும் அவர் கண்ணில் படவில்லை. வந்த எஸ்எம்எஸ்ஸை எல்லாம் அந்த ஆப் உடனுக்குடன் திருடர்களுக்கு அனுப்பிவிட்டது. காலையில் ‘தம்பி, பைசா எல்லாம் போச்சு’ என்று போன் வந்தது. அதற்குள் மைனியின் வாட்ஸ்அப்பும் கைமாறிவிட்டது. வாட்ஸ்அப்பைப் பதிவு செய்யக் கேட்கும் குறியீட்டு எண்ணும் எஸ்எம்எஸ்ஸில்தானே வருகிறது. அவருடைய எண்ணிலிருந்து அதே கோப்பு சொந்தக்காரர்களுக்கும் சுயஉதவிக் குழுவுக்கும் போய்க்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ஒரு ஆறு இலக்கப் பின் வைத்திருந்தால் இந்த இரண்டாவது கேடாவது நடந்திருக்காது. இன்றே வைத்துவிடுங்கள்.

போனை வாங்கிப் பார்த்தேன். ஆப் பட்டியலில் ஐகான் இல்லாமல், பெயரும் இல்லாமல் ஒரு வெற்று வரி. அதைத் தொட்டால் எஸ்எம்எஸ் அனுமதி இருக்கிறது, ஆனால் ‘நிறுவல் நீக்கு’ பட்டன் மங்கிக் கிடக்கிறது. போனைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உள்ள ஆப்களின் பட்டியலான டிவைஸ் அட்மின் என்ற இடத்தில் தன்னைச் சேர்த்துக்கொண்டிருந்தது, அங்கே எடுத்தபிறகுதான் பட்டனுக்கு உயிர் வந்தது. அடுத்து ‘போனைப் பற்றி’ பக்கத்தில், ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டேன். ஆண்ட்ராய்டு 11. பாதுகாப்பு அப்டேட்: நவம்பர் 5, 2021. ‘இப்ப வந்த மாடல்’ என்று விற்ற போன்! அப்டேட் இருக்கிறதா என்று தேடச் சொன்னால், ‘உங்கள் சிஸ்டம் புதுப்பித்த நிலையில் உள்ளது’ என்று பச்சை டிக்கோடு வருகிறது.

இந்த வரிதான் மிகவும் ஏமாற்றுகிறது. அந்த மாடலுக்குக் கம்பெனி கடைசியாகக் கொடுத்த அப்டேட் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அடைக்கப்பட்டுவிட்டன என்று பொருள் இல்லை. 2015 ஆகஸ்ட் முதல் ஆண்ட்ராய்டுக்கு மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியாகின்றன. கூகுள் வெளியிட்டால் மட்டும் போதாது, போன் கம்பெனி அதை எடுத்துத் தன் மாடலுக்குப் பொருத்தி அனுப்ப வேண்டும். கம்பெனி நிறுத்திவிட்டால் போன் அந்த மாதத்திலேயே நின்றுவிடும். எத்தனை வருஷம் தருவோம் என்று கம்பெனி சொல்வதும் பெரும்பாலும் மாடல் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுவது, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. குடோனில் மூன்று வருஷம் கிடந்த பெட்டி சீல் உடையாமல் இருக்கலாம், அதற்குள் அப்டேட் காலம் முடிந்திருக்கும். 2023-ல் வந்த பிக்சல் 8-க்கும் 2024-ல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருஷம் என்று அறிவித்திருக்கிறார்கள். விலை குறைந்த மாடல்களுக்குப் பொதுவாக இதைவிடக் குறைவு, அதனால்தான் அங்கே தேதி இன்னும் முக்கியம்.

பழைய பதிப்பு என்பதில் இன்னொரு கேடும் உண்டு. வெளியிலிருந்து ஏற்றுகிற ஆப்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வைத்திருக்கும் அக்சஸிபிலிட்டி அனுமதியை வாங்கித் திரை முழுவதையும் படிப்பதற்கு ஆண்ட்ராய்டு 13-ல்தான் ஒரு தடை வைத்தார்கள். மைனியின் போனில் அது கிடையாது. பிளே புரொடெக்ட் 2017-லிருந்து இருக்கிறது, பழைய போனிலும் வேலை செய்யும். வாட்ஸ்அப், பிரவுசர், பைல் மேனேஜர் வழியாக வந்து எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும் ஆப்களை நிறுவவிடாமலே தடுக்கும் ஏற்பாட்டை, 2024 அக்டோபரில் இந்தியாவுக்கும் அறிவித்தார்கள். மைனிக்கு வந்த கோப்பு அச்சு அசல் அந்த வகை. அதைத் தடுக்க வேண்டியதைத்தான் கடை அணைத்து வைத்தது. வீட்டை விற்கிறவர் கதவுப் பூட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு சாவியை மட்டும் கையில் தருவதுபோல.

கடைக்குப் போனேன். தேதியைக் காட்டினால் பச்சை டிக்கைக் காட்டுகிறார். ‘அண்ணே, இதொண்ணும் பாக்காண்டாம். அப்டேட் போட்டா போன் ஸ்லோ ஆவும், அதுக்குத்தான் ஆஃப் பண்ணித் தாறோம். எல்லாருக்கும் இப்படித்தான் போட்டுக் குடுக்கிறோம்.’ எல்லாருக்கும் என்று அவர் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. மாற்றித் தரச் சொன்னால், பெட்டி பிரித்த போனை எடுக்கமாட்டோம் என்றார். பெட்டியைப் பிரித்ததே அவர்கள்தான்.

வங்கியிலும் சுலபமாக இல்லை. ‘ஓடிபி போட்டிருக்கிறது, அதனால் உங்கள் தவறு’ என்று ஒரே வரியில் முடிக்கப் பார்த்தார்கள். நாம் அனுமதிக்காமல் போன பணத்துக்கு யார் பொறுப்பு என்பது பற்றிய ரிசர்வ் வங்கி விதிகளை எடுத்துக்கொண்டு போங்கள். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய கடமை வங்கியுடையது என்று அவற்றில் இருக்கிறது. கார்டு விவரத்தை நாமே கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. நேரத்தோடு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

பணம் போனது தெரிந்த நிமிடமே முதலில் அந்தப் போனை பிளைட் மோடில் போடுங்கள், பிறகு வேறொரு போனிலிருந்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்க வாய்ப்பு உண்டு. மைனியின் பணத்தில் ஒரு பகுதி அப்படித்தான் நிறுத்தப்பட்டிருக்கிறது. கார்டை பிளாக் செய்யுங்கள், பாஸ்வேர்டுகளை வேறு போனில் மாற்றுங்கள். பதற்றத்தில் மெசேஜை அழிக்காதீர்கள். வந்த கோப்பு, அனுப்பிய எண், ஆப்பின் அனுமதிப் பக்கம், பாதுகாப்பு அப்டேட் தேதி எல்லாவற்றையும் இன்னொரு போனில் படம் எடுத்த பிறகே பேக்டரி ரீசெட் செய்யுங்கள். நாகர்கோவில் சைபர் கிரைம் போலீசில் எங்களிடம் முதலில் கேட்டதும் இவற்றைத்தான்.

வாங்கும்போது செய்ய வேண்டியது அதிக நேரம் எடுக்காது. கடையிலேயே போனை ஆன் செய்து அந்தத் தேதியைப் பாருங்கள். வைஃபையில் இணைத்து அப்டேட் தேடியும் தேதி ஒரு வருஷத்துக்கு முந்தியே நின்றால், எவ்வளவு சலுகை என்றாலும் வேண்டாம். கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலுக்கு எதுவரை அப்டேட் என்று தேடிப் பாருங்கள். செட்டிங் போடுகிறோம் என்று கேட்டால் போனைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு பிளே புரொடெக்ட்டை ஆன் செய்யுங்கள். ‘தெரியாத ஆப்களை நிறுவுதல்’ பட்டியலில் எல்லாவற்றையும் அணையுங்கள். கடை ஏற்றிய ஆப்களை நீக்குங்கள். வீட்டில் பெரியவர்கள் போனையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

ஐஎம்இஐ எழுதிய ஜிஎஸ்டி பில்லைக் கட்டாயம் வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நாங்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார் செய்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். மார்த்தாண்டம் பக்கம் இதேபோல எஸ்டிமேட் சீட்டோடு பழைய அப்டேட் போன் வாங்கியவர்கள் இருந்தால், சீட்டையும் அந்தத் தேதிப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.