ஆன்லைன் அச்சு இடைத்தரகரிடம் 46,500 ரூபாய் போனது: காமிக்ஸ் அச்சடிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று காலைதான் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை, ஆனாலும் இதை எழுதாமல் படுக்க முடியவில்லை. சொந்தமாகக் காமிக்ஸ் வரைந்து அச்சுக்குக் கொடுக்கப் போகிற யாராவது அடுத்து அந்த ஆளிடம் போவதற்குள் இது கண்ணில் படவேண்டும். என்ன செய்ய வேண்டும், செய்யக்கூடாது என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். எனக்குப் போனது 46,500 ரூபாய்.

புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. சொந்த அச்சகம் இல்லாமல், இணையத்தில் ஒரு பக்கம் வைத்து, "குறைந்த பிரதி, கலர் புத்தகம், வீட்டுக்கே டெலிவரி" என்று ஆர்டர் பிடித்து வெளியே அடித்துக் கொடுக்கும் இடைத்தரகர் அவர். சொந்த மெஷின் இல்லை என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அந்த இணையப் பக்கத்தில் சிவகாசி முகவரி போட்டிருந்தார்கள். சிவகாசி என்றால் அச்சு, அவ்வளவுதான் யோசித்தேன்.

புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கதை என் தோழி, படம் நான். வியாசர்பாடியில் ஒரு ஷெட்டில் பிராக்டீஸ் செய்யும் நான்கு பெண்களின் ராக் பேண்ட், எண்ணூர் கழிமுகத்திலிருந்து எழுந்து வரும் ராட்சத மிருகங்கள். ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் பயத்திலிருந்து 1954-ல் ஜப்பான் சினிமாவில் ஒரு ராட்சத மிருகம் எழுந்தது என்றால், எங்கள் மிருகம் அனல்மின் நிலையச் சாம்பலிலிருந்தும் 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கழிமுகத்தில் பரவிய எண்ணெயிலிருந்தும் எழுகிறது. பேண்டுக்கான விதை 2013-ல் ஸ்ரீநகரில் மூன்று பள்ளி மாணவிகள் நடத்திய 'பிரகாஷ்' பேண்ட் மிரட்டல்களால் நின்றுபோன செய்தி. அந்தப் பிள்ளைகள் மேடையை விட்டு இறங்கியது எங்கள் இருவர் மனதிலும் அப்படியே இருந்தது, அதனால் எங்கள் கதையில் யார் சொன்னாலும் அவர்கள் இறங்கமாட்டார்கள். 48 பக்கம், இரண்டு வருட வேலை, ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக வரைந்தது.

300 பிரதிக்கு விலை கேட்டேன். பக்கத்து அச்சகம் 78,000 சொன்னது. இவர் 62,000 சொன்னார். ஆனால் நான் விலையை மட்டும் பார்த்துப் போகவில்லை, அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஃபைல் அனுப்பிய அன்று ராத்திரியே போன் வந்தது. அதுவரை "மேடம்" என்றவர், "தங்கச்சி, ஒண்ணு கேக்கலாமா? பதினோராம் பக்கத்துல பேஸ் கிடாருக்கு ஆறு கம்பி போட்டிருக்கீங்களே, மத்த பக்கமெல்லாம் நாலுதானே?" என்றார். எங்கள் கதையில் மிருகத்துக்குக் கேட்பதே பேஸின் அடித்தொனி மட்டும்தான், அந்தக் கிடார்தான் கதையின் உயிர். நானும் தோழியும் நூறு தடவை பார்த்தும் கண்ணில் படாத தப்பு அது. அப்புறம் பாடகியின் தலைமுடிக்கு நான் வைத்த பளிச் பிங்க், ஸ்க்ரீனில் தெரிகிற மாதிரி நாலு கலர் அச்சில் வராது, கொஞ்சம் மங்கும், பரவாயில்லையா என்று கேட்டார். நாலாம் நாள் ஒற்றை மாதிரிப் பிரதி கூரியரில் வந்தது. பின் அடித்து, அட்டை வழவழவென்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அழுதோம். இவ்வளவு கவனமாகப் படிக்கிற மனிதர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

முக்கால் பங்கு முன்பணம் என்றார். 46,500. பேப்பர் விலை ஏறப்போகிறது, இன்றைக்கே போட்டால் பழைய விலை என்றார். அதில் 28,000 என் பணமே இல்லை. 112 பேர் தலைக்கு 250 ரூபாய் முன்பதிவாகக் கட்டியது. மிச்சம் 18,500 என் சேமிப்பு. கம்பெனி கணக்கில் ஏதோ சிக்கல் என்று சொந்த யூபிஐ எண் கொடுத்தார், அதற்கே போட்டேன். தீபாவளி முடிந்த வாரம் அது. இருபது நாளில் புத்தகம், ஜனவரி புத்தகக் காட்சியில் தெரிந்தவர் ஸ்டாலில் ஐம்பது பிரதி வைப்பதாகப் பேச்சு.

இருபது நாள் ஆயிற்று. அச்சுக்கான பிளேட் போட்டாச்சு என்றார். அடுத்த வாரம் மெஷின் ரிப்பேர். அப்புறம் பைண்டிங்கில் ஆள் இல்லை, காலண்டர் சீசன். அது நிஜம்தான், சிவகாசியில் அந்த மாதங்களில் காலண்டர், டைரி வேலைதான் ஓடும், அதனால் அதையும் நம்பினேன். போட்டோ அனுப்புங்கள் என்றால் ஏதோ ஒரு அச்சகத்தின் படம் வந்தது, அதில் எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. பிறகு லாரியில் ஏற்றியாச்சு என்று ஒரு ரசீது எண். லாரி ஆபீஸில் விசாரித்தால் அப்படி ஒரு எண்ணே இல்லை. அன்றோடு போன் எடுப்பது நின்றது. அவர்கள் கஸ்டமர் கேரில் ஒரு பெண், "மேடம், நீங்க எங்க கம்பெனிக்குப் பணம் கட்டலையே, தனிநபருக்குக் கட்டியிருக்கீங்க" என்றார். கடைசியாக அவரிடமிருந்தே ஒரு மெசேஜ்: "பிளேட் செலவுக்கே சரியாப் போச்சு மேடம், ரீஃபண்ட் கிடையாது." தங்கச்சி மறுபடியும் மேடம் ஆகிவிட்டது. 46,500 ரூபாய்க்கு எந்த ஊரில் பிளேட் போடுகிறார்கள்?

நேரில் போனேன். அந்த முகவரியில் டைரிக்கு அட்டை ஒட்டும் ஒரு சின்னப் பட்டறை இருந்தது. பெரியவர் ஒருவர் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, "நீ நாலாவது ஆளு தாயி. எங்க விலாசத்த எவனோ போட்டு வச்சிருக்கான், நாங்களும் ஸ்டேஷன்ல சொல்லிட்டோம்" என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் அடித்தேன், புகார் எண் கிடைத்தது. பணம் போன உடனே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கை முடக்கப் பார்த்திருக்கலாம், இரண்டு மாதம் ஆகிவிட்டதே என்றார்கள். வங்கியிலும் எழுதிக் கொடுத்தாயிற்று.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது முடியவில்லை. முக்கியமானது மட்டும். தனிநபர் யூபிஐக்குப் போடாதீர்கள், கம்பெனி கணக்கும் ஜிஎஸ்டி பில்லும் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். மாதிரிப் பிரதியைப் பார்த்து மயங்காதீர்கள், ஒற்றைப் பிரதியை எந்த டிஜிட்டல் கடையிலும் உடனே எடுத்துவிடலாம், 300 பிரதி அடிக்க ஆள் இருக்கிறதா என்பதற்கு அது சாட்சி இல்லை. மெஷின் ஓடுகிற இடத்தை நேரில் பாருங்கள், முடியாவிட்டால் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் வந்த அன்றே 1930. அச்சுக்கான முழு ஃபைலைப் பணப் பேச்சு முடியும் முன் அனுப்பாதீர்கள்.

முன்பதிவு செய்த 112 பேருக்கும்: உங்கள் பணம் திரும்ப வரும். இந்த மாதச் சம்பளத்தில் முதல் இருபது பேருக்கு 250 ரூபாய் அனுப்புகிறேன், கட்டிய வரிசைப்படி மற்றவர்களுக்கும் மாதாமாதம்.

இன்னொன்று. நான் திருத்தி அனுப்பிய முழு ஃபைல் இன்னும் அந்த ஆளிடம் இருக்கிறது. சாம்பல் பூசிய ஒரு மிருகத்துக்கு எதிரே நான்கு பெண்கள் ஆம்ப்ளிஃபயர் மேல் ஏறி நிற்கும் அட்டையோடு எங்காவது ஒரு புத்தகம் விற்பனைக்கு வந்தால், அதை நாங்கள் விற்கவில்லை. பார்த்தவர்கள் உடனே எனக்குச் சொல்லுங்கள்.