27,400 ரூபாய்க்குக் கறுப்புப் பெயிண்ட்: வீட்டுக்கே வந்து காரை எடுத்துப்போகிறவர்களிடம் உஷார்

ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் காரின் சஸ்பென்ஷன் வேலைக்கு 27,400 ரூபாய் கொடுத்தேன். நேற்றுதான் தெரிந்தது, பெரிய அயிட்டம் எதையுமே மாற்றவில்லை. கறுப்பு ஸ்ப்ரே அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

என்னுடையது 2014 மாடல் ஐ10. 82,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. வீடு மேடவாக்கம், வேலை சோழிங்கநல்லூர். மெட்ரோவுக்குத் தோண்டிய ரோட்டில் தினமும் போய்வருகிற கார் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இடது முன்சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் கடகடவென்று சத்தம். ஆனால் பெரிய ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது சத்தமே இருக்காது. லிங்க் ராடு, அதாவது ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரத்தோடு இணைக்கிற சின்னக் கம்பி, போனதற்கு இதுதான் அடையாளம் என்பது இப்போது தெரிகிறது. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறுவதால் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே குறுக்காகப் போகிற அந்த ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போதுதான் லிங்க் ராடு ஆடும். அன்றைக்கு இதைச் சொல்ல ஆளில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

ஆபீஸில் லீவு கிடைக்காததால் ஒரு ஆப்பில் புக் செய்தேன். எந்த ஆப் என்று கேட்காதீர்கள். வீட்டுக்கே ஆள் அனுப்பிக் காரை எடுத்துப்போய், ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு வேலை முடித்து, திருப்பிக் கொண்டுவந்து விடுகிற வகை. மத்தியானம் 'அட்வைசர்' என்று ஒரு பையன் பேசினான். குரலில் அப்படி ஒரு பணிவு. "சார், ஃபேமிலியோட போற வண்டின்னு சொன்னீங்க, அதனால மறைக்காம சொல்றேன். ரெண்டு ஸ்ட்ரட்டும் ஆயில் லீக். லோயர் ஆர்ம் புஷ் கிழிஞ்சிருக்கு. ஹைவேல பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும் சார்" என்றான். ஸ்ட்ரட் என்றால் ஸ்பிரிங்கோடு சேர்ந்த சாக் அப்சார்பர். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கிற இரும்புக் கை, புஷ் அதிலிருக்கிற ரப்பர். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. லிஃப்டில் தூக்கிய கார், எண்ணெய் வழியும் ஸ்ட்ரட், லிவரைக் கொடுத்து நெம்பினால் லொடலொடவென்று ஆடும் லோயர் ஆர்ம்.

அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன். மனைவிக்கும் காட்டினேன். அவளும் பயந்துபோய் "செஞ்சிடச் சொல்லுங்க" என்றாள். நேற்று ராத்திரி அதையே ஐந்தாவது தடவை பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. வீடியோவில் இருக்கிற காருக்கு அலாய் வீல். என் காரில் இருப்பது இரும்பு ரிம், பிளாஸ்டிக் வீல் கப். யாருடைய காரையோ காட்டி என்னிடம் 27,400 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷத்து வண்டியின் வீல் கப்பைக்கூட அடையாளம் தெரியாத முட்டாள் நான்.

கணக்கையும் பாருங்கள். முன் ஸ்ட்ரட் ஜோடி 11,800. ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங் 3,200. லோயர் ஆர்ம் ஜோடி 6,400. லிங்க் ராடு ஜோடி 2,200. லேபர் 3,000. அலைன்மென்ட் 800. சாயங்காலம் காரைக் கொண்டுவந்த டிரைவர் கேட்டிலேயே நின்றுகொண்டு "பேமென்ட் வந்தாதான் சாவி தரச் சொல்லியிருக்காங்க சார்" என்றார். ஜிபேயில் அனுப்பினேன். கையில் கொடுத்த தாளில் 'எஸ்டிமேட்' என்று போட்டிருந்தது, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. பழைய பார்ட்ஸ் எங்கே என்று கேட்டதற்கு, "ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சு சார்."

முதல் பத்து நாள் சத்தமே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்புறம் மறுபடி அதே கடகட. பிரேக் பிடித்தால் முன்பக்கம் தலை குனிகிறது. போன் செய்தேன். "புது சாக் அப்சார்பர் சார், செட்டாக ஐநூறு கிலோமீட்டர் ஓடணும்." ஓட்டினேன். மறுபடி போன் செய்தேன். "டிக்கெட் போட்டிருக்கேன் சார், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடவில்லை. ஒர்க்‌ஷாப் நம்பரைத் தேடிப்பிடித்துப் பேசினால், "கஸ்டமர் எங்ககிட்ட பேசக்கூடாது சார், ஆப்ல பேசுங்க." ஆப்பில் கேட்டால், வேலை செய்தது ஒர்க்‌ஷாப் பார்ட்னராம், இவர்கள் நடுவில் இணைத்துவிடுகிற வெறும் தளமாம். 27,400 ரூபாய் மட்டும் இவர்கள் கணக்கில்தான் போய் விழுந்தது!

நேற்று பெரும்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் காரைத் தூக்கக்கூட இல்லை. பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட் தலையில் இருக்கிற மூடியை எடுத்தார். உள்ளே நட்டைச் சுற்றிப் பல வருஷத்துத் தூசி, ஒரு காய்ந்த வேப்பிலைத் துணுக்கு. நட்டில் ஸ்பேனர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. "இதைக் கழட்டாம ஸ்ட்ரட்ட எப்படிப்பா வெளிய எடுத்தாங்க? மந்திரம் போட்டா?" என்றார்.

அப்புறம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். ஸ்ட்ரட் பளபளவென்று கறுப்பு. நகத்தால் சுரண்டினால் பெயிண்டுக்கு அடியில் பழைய சேறு கட்டிகட்டியாகப் பெயர்ந்து வருகிறது. கழுவக்கூட இல்லை, சேற்றின் மேலேயே அடித்திருக்கிறார்கள். பிரேக் ஹோஸ் மேலேயும் தெறித்திருந்தது. ஸ்ட்ரட் சீலிலிருந்து எண்ணெய் லேசாகக் கசிந்து பெயிண்டில் ஒரு கோடு இறங்கியிருந்தது. லோயர் ஆர்ம் போல்ட்டில் துரு அப்படியே. மாற்றியது இடது லிங்க் ராடு ஒன்றுதான். அதுவும் பெயர் தெரியாத லோக்கல் சரக்கு, மூன்று வாரத்தில் ஜாயிண்ட் ஆடுகிறது.

இந்த போட்டோக்களை எல்லாம் அனுப்பினேன். வந்த பதில்: "வெளி மெக்கானிக் கை வைத்ததால் வாரண்டி செல்லாது." கொஞ்ச நேரத்தில் இன்னொரு மெசேஜ், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள் என்று. 27,400 ரூபாய்!

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. சட்டென்று தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். வீடியோ அனுப்பினால் நம்பர் பிளேட்டில் தொடங்கி, கட் செய்யாமல் எடுக்கச் சொல்லுங்கள். பழைய பார்ட்ஸும் புது பார்ட்ஸ் வந்த பெட்டியும் காரிலேயே வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் இல்லாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். சாவியைப் பிடித்து வைத்தாலும் சரி, பானெட்டைத் திறந்து பார்த்த பிறகே பணம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரை அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். அதற்கு முறையான பில் வேண்டுமே என்று ஆப்காரர்களை மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும்போது போன் ஹோல்டில் பதினேழாவது நிமிஷம். இன்னும் அதே மியூசிக்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.